ஒயரை வெட்டினால் கரண்ட் கொட்டுமா?

கேள்வி:
பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். மின்னோட்டம் என்பது மாடித் தொட்டியிலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் மாதிரி என்றுதான் பல வருடமாகச் சொல்லி வருகிறேன். தொட்டியின் உயரம் மின்னழுத்தம், குழாயின் ஒடுக்கம் மின்தடை. போன வாரம் ஒரு மாணவி, "அப்போ ஒயரை வெட்டினா கரண்ட் கீழே கொட்டுமா டீச்சர்?" என்றாள். பாதி வகுப்பு கொட்டும் என்றே நம்பியது. பல்பைத் தாண்டினால் மின்னோட்டம் குறையும் என்றும் எழுதுகிறார்கள். வேறு எப்படிச் சொல்லலாம்?

பதில் 1:
கயிற்றை எடுங்கள் டீச்சர். ஏழெட்டு மீட்டர், வழுவழுப்பானது. முனைகளை முடிந்து வளையமாக்கி, வட்டமாக நிற்கும் பிள்ளைகளின் கைகளில் தளர்வாக ஓடவிடுங்கள். இழுப்பவர் பேட்டரி. எதிரே ஒருவர் லேசாக இறுக்கிப் பிடிக்கட்டும். உள்ளங்கை சூடாகும், அதுதான் பல்பு. கயிறு எங்கும் ஒரே வேகத்தில்தான் ஓடும், பல்பில் தீர்ந்துபோகாது. ஒயரில் எலக்ட்ரான்கள் பொதுவாக நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. ஆனாலும் சுவிட்ச் போட்டதும் பல்பு எரிகிறதே, இழுத்ததும் கயிறு முழுவதும் சேர்ந்து நகர்வதைப் பார்த்தால் அதுவும் புரியும்.

பதில் 2:
மின்னோட்டம் கிளைகளாகப் பிரிந்து ஓடும் பக்க இணைப்புக்குக் கயிறு உதவாது சார். அங்கே தண்ணீர்க் குழாய்தான் கைகொடுக்கும். உவமை எந்த இடத்தில் பொருந்தவில்லை என்று பிள்ளைகளையே எழுதச் சொல்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
இன்று செய்து பார்த்தோம். அப்புறம் பல்புக்கு முன்னும் பின்னும், மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டர் வைத்தோம். முதலில் அளவை ஊகித்து எழுதச் சொன்னேன். இரண்டு முள்ளும் ஒரே இடத்தில் நின்றதும் அந்த மாணவி பல்பைக் கழற்றி மறுபடி மாட்டிப் பார்த்தாள்.