ஐஆர்சி அரட்டையில் தமிழ் சிலருக்கு மட்டும் சிதைந்து தெரிவது ஏன்?

கேள்வி

வணக்கம். எங்கள் ஐஆர்சி அறையில் நான் தமிழில் இடும் வரிகள் பெரும்பாலோருக்குச் சரியாகத் தெரிகின்றன. பழைய செயலி வைத்திருக்கும் இருவருக்கு மட்டும், தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் திரும்பத் திரும்ப வருகின்றன. இது போதாதென்று, நீளமான வரி இட்டால் அதன் கடைசி எழுத்து எல்லோருக்குமே கேள்விக்குறி உள்ள கறுப்புச் சாய்சதுரமாகிவிடுகிறது. எழுத்துருவை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. கோளாறு வழங்கியிலா (சர்வரிலா)?

மறுமொழி 1

இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். எழுத்துருவுக்கு இவற்றில் பங்கில்லை. 1988இல் ஃபின்லாந்தில் உருவான ஐஆர்சிக்கு 1993இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1459 என்ற நெறிமுறை ஆவணம், எந்தக் குறியேற்றத்தில் (எழுத்துகளை எண்களாக்கும் முறையில்) எழுத வேண்டும் என்று வரையறுக்கவே இல்லை. வழங்கி பைட்டுகளை, அதாவது 0 முதல் 255 வரையான எண்களை, வந்தபடியே கடத்துகிறது; அவற்றை எழுத்தாக்கும் பொறுப்பு பெறுபவரின் செயலியுடையது. யுனிகோடு எழுத்துகளுக்கான குறியேற்றமாகிய யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள் கொண்டது. முதல் பைட்டு எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. மேற்கு ஐரோப்பியக் குறியேற்றத்தில் 224 என்பது அந்தச் சாய்கோட்டு 'ஏ', 174 என்பது வட்டத்து 'ஆர்'. ஆகவே பைட்டுகள் பழுதின்றிப் போய்ச் சேர்ந்துள்ளன. அந்த இருவரின் செயலியில் குறியேற்றத்தை யூடிஎஃப்-8 என்று மாற்றினால் போதும்.

மறுமொழி 2

கடைசி எழுத்து சிதைவதற்குக் காரணம் நீள வரம்பு. ஒரு செய்திக்கு 512 பைட்டுகள்தாம். கட்டளை, அறையின் பெயர், வரிமுடிவுக் குறிகள், மற்றவர்களுக்கு அனுப்பும்போது வழங்கி முன்னால் சேர்க்கும் உங்கள் புனைபெயரும் முகவரியும் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 'கு' என்ற ஓரெழுத்துக்கே ககரமும் உகரக் குறியுமாக ஆறு பைட்டுகள் செலவாகும் நிலையில், ஆங்கிலத்தில் எழுதுபவர் எட்டாத வரம்பைத் தமிழில் இரண்டு மூன்று வாக்கியங்களிலேயே தொட்டுவிடுகிறோம். வழங்கி பைட்டுக் கணக்கில் வெட்டுவதால், கடைசிக் குறியின் மூன்று பைட்டுகளில் ஒன்றோ இரண்டோ அறுந்து போகின்றன; எஞ்சியது எழுத்தாகாமல் அந்தச் சாய்சதுரமாகத் தெரிகிறது. ஹெக்ஸ்சாட், வீசாட் போன்ற செயலிகள் நீண்ட வரியைத் தாமே பிரித்து அனுப்பும்.

மறுமொழி 3

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். யூடிஎஃப்-8இன் பைட்டு வரிசைக்குக் கண்டிப்பான இலக்கணம் உண்டு. வேறு குறியேற்றத்தில் எழுதிய நீண்ட வரி தற்செயலாக அதில் பொருந்துவது அரிது. அதனால் முதலில் யூடிஎஃப்-8 என்று சோதித்து, பொருந்தாவிட்டால் பழைய குறியேற்றத்துக்கு மாறும் அமைப்பு நம்பகமானது. ஆனால் யுனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியேற்றமான திஸ்கியையும் மேற்கு ஐரோப்பியக் குறியேற்றத்தையும் செயலியால் இப்படிப் பிரித்தறிய முடியாது. இரண்டும் 128க்கு மேற்பட்ட அதே இடங்களை நிரப்புகின்றன. பழைய திஸ்கிப் பதிவுகளை மாற்றும்போது, மெய்க்கு முன்னால் சேமித்திருக்கும் கொம்பைப் பின்னால் நகர்த்தும் மாற்றி தேவை.

இந்தச் சிக்கலுக்காகத் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். 'யூடிஎஃப்-8 மட்டும்' என்று அறையின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஒருவருக்குச் சரியாகிவிட்டது. மற்றவர் எம்ஐஆர்சி செயலியின் 6ஆம் பதிப்பில் இருக்கிறார். அவருக்கு என்ன வழி?

மறுமொழி 1

7ஆம் பதிப்பிலிருந்துதான் எம்ஐஆர்சி முழுமையாக யுனிகோடுக்கு மாறியது. அவரைப் பதிப்பை உயர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள்.