டிக் டிக் சத்தம், நீலத்திரை: ஃபைலை மீட்க வழி?

தங்கச்சிமடம்: ஆறு வருஷ லேப்டாப், 1 டிபி ஹார்ட் டிஸ்க். பத்து நிமிஷத்தில் உறைந்து நீலத்திரை வருது. லேசா டிக் சத்தம். படகு பதிவு ஸ்கேன், கல்யாண போட்டோ எல்லாம் அதில்தான். விண்டோஸில் டிஸ்க் பிழையைச் சரிபார்க்கிற செக்டிஸ்க் (chkdsk) ஓட்டலாமா?

பாம்பன்: வேண்டாம்ணே. சாகக் கிடக்கிற டிஸ்க்கில் செக்டிஸ்க் முழுசையும் படிச்சு, ஃபைல் அட்டவணையையும் திருத்தி எழுதும். உடனே ஆஃப் பண்ணி டிஸ்க்கைக் கழட்டுங்க. சாட்டா-யுஎஸ்பி கேபிளில் வேற கம்ப்யூட்டர்ல மாட்டி, உபுண்டு (லினக்ஸ்) பென்டிரைவில் பூட் செய்து, டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கிற டிடிரெஸ்க்யூ (ddrescue) ஓட்டுங்க. அந்த முழு நகலை (இமேஜ்) வைக்க வேற டிரைவில் 1 டிபிக்கு மேல் காலி இடம் வேணும். முதல் சுற்று ‘-n’ (கெட்ட இடத்தைத் துருவாம விடும்), அடுத்தது ‘-r3’ (கெட்ட இடத்தை மூணு தடவை மறுபடி முயலும்). எதுவரை படிச்சாச்சுன்னு குறிச்சு வைக்கிற மேப் ஃபைல் கட்டாயம். மீட்பு எல்லாம் இமேஜ் மேல்தான், டிஸ்க் மேல் இல்லை. மீட்பு மென்பொருளில் முதலில் டெஸ்ட்டிஸ்க்; ஃபோட்டோரெக் கடைசி வழி, அதில் ஃபைல் பெயர் தொலைஞ்சிடும். பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்க் பூட்டு) இருந்தா 48 இலக்க மீட்பு சாவியும் தேவை.

தங்கச்சிமடம்: 640 ஜிபியில் நின்னுடுச்சு.

பாம்பன்: அரை மணி ஆறவிட்டு, அதே மேப் ஃபைலோடு பெரிய எழுத்து ‘-R’ போட்டுப் பின்னாலிருந்து படிக்க விடுங்க. டிஸ்க்கே தெரியலைன்னா ஹெட் (தகவலைப் படிக்கிற முனை) போயிருக்கலாம், டேட்டா மீட்பு லேபுக்குத்தான். டிஸ்க் மூடியைத் திறந்துடாதீங்க.

மண்டபம்: புது எஸ்எஸ்டி போட்டும் நீலத்திரை வந்தா ரேமைப் பாருங்க. நம்ம உப்புக்காற்று ஈரத்தை இழுத்து வச்சுக்கும். ரேம் ஸ்லாட்டில் பச்சை பூத்திருக்கலாம். பேட்டரி கனெக்டரைக் கழட்டி, 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 நாலு சுற்று ஓட்டுங்க. ஒரு பிழை வந்தாலும் ரேமை மாத்துங்க.