இக்போ மரச்சிலைகள்: விரிந்த உள்ளங்கை எதைக் கேட்கிறது?

கேள்வி:
தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ இன மக்களுடைய மரச்சிலைகளின் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். விறைப்பாக நிற்கும் உருவம், மடங்கிய முழங்கை, மேல்நோக்கி விரிந்த உள்ளங்கை. ‘மூதாதையர்’ என்று கீழே எழுதியிருக்கிறார்கள். உண்மையா?

பதில் 1:
பெரும்பாலும் இல்லை. இவை ‘அலுசி’ எனும் காவல் தெய்வங்கள். அந்தக் கை படையலை ஏற்கும், வாரியும் வழங்கும். நெற்றிக் கோடுகளைக் கவனியுங்கள்: ‘இச்சி’ தழும்பு, சமூகத்தில் கௌரவப் பட்டம் பெற்ற பெரியவர்களின் அடையாளம். மனிதர்களைப் போலவே இந்தத் தெய்வங்களுக்கும் கணவன், மனைவி, பிள்ளைகள் உண்டு, குடும்பமாகவே நிற்கும். திருவிழாவில் வண்ணம் பூசி, துணி உடுத்துவார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

பதில் 2:
முன்னோரின் அதிகாரம் தங்குவது ‘ஓஃபோ’ கோலில். குடும்பத்தின் மூத்தவர் கையில் இருக்கும். கொம்புள்ள ‘இக்கெங்கா’ சிலை வேறு. அது ஒருவரின் சொந்த முயற்சிக்கும் வலக்கை வலிமைக்கும் உரியது.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. இவை ஐரோப்பாவுக்கு எப்படிப் போயின?

பதில் 1:
பல சிலைகள் 1967–70 உள்நாட்டுப் போர்க்காலத்தில் வெளியேறின. 2020இல் பாரிஸில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் ஒரு ஜோடிச் சிலைகளை 2,12,500 யூரோவுக்கு ஏலம் விட்டது. அவை போரின்போது சூறையாடப்பட்டவை என்று கலை வரலாற்றாளர் சிகா ஒகெக்கே-அகுலு கடுமையாக எதிர்த்தார். ஏல நிறுவனம் மறுத்தது. நான் அவர் பக்கம்தான்: பசியில் மக்கள் செத்துக்கொண்டிருந்த மண்ணிலிருந்து தெய்வத்தைத் தூக்கிப்போவது வணிகம் ஆகாது.