ஹோம் பாய் சிப்பாய்கள்: முதல் உலகப் போர்க் கோப்பில் பார்த்து மறக்க முடியாத ஒரு வரியைப் பகிருங்கள்

பழங்காகிதம்
க்ளாட் நன்னி, 38-வது பட்டாளம். ஹோம் பாய், அதாவது பிரிட்டனின் பிள்ளைகள் காப்பகங்கள் ('ஹோம்') கனடாவுக்குப் பண்ணை வேலைக்கு அனுப்பிய பையன்களில் ஒருவர். அனுப்பப்பட்டது 1905-ல். ஒன்டாரியோவில் நார்த் லங்காஸ்டர் பக்கம் வளர்ந்தவர். 1917-ல் பிரான்சில் விமி முகட்டுப் போரில் செய்தது எல்லோருக்கும் தெரியும்: இரண்டு இடத்தில் காயம், கூட இருந்தவர்கள் எல்லாம் விழுந்தாயிற்று, மூன்று நாள் களத்தை விடவில்லை. அதற்கு டி.சி.எம். என்ற வீரப் பதக்கம். மனசை அரிப்பது அதுவல்ல. பிறந்த ஊர் என்று அவர் சொன்னது டப்ளின். உண்மையில் பிறந்தது ஹேஸ்டிங்ஸ். ஞானஸ்நானப் பெயர் ஸ்டீபன் சார்ஜன்ட் க்ளாட். பட்டாளத்தில் க்ளாட் ஜோசப் பேட்ரிக். பின்னால் விக்டோரியா சிலுவை என்ற உச்ச வீர விருதே பெற்றவருக்கும் பிறந்த ஊர் பொய்யாகத்தான் பதிவாகியிருக்கிறது.

தெற்குவாசல்
எனக்கு நிற்பது போரில் இறந்த சிப்பாயின் பதக்க அட்டை. மூன்று வரி: பதக்கம் யாருக்கு, 'பி அண்ட் எஸ்' யாருக்கு, 'சி ஆஃப் எஸ்' யாருக்கு. நடுவில் இருப்பது வெண்கலத் தகடும் சுருளும். கடைசியில் இருப்பது நினைவுச் சிலுவை. 1919 டிசம்பரில் கொண்டுவந்தார்கள். அன்று தாய்க்கும் விதவைக்கும் மட்டும். கல்யாணம் ஆகாத ஹோம் பாய்க்கு அம்மா எங்கே என்றே தெரியாவிட்டால் அந்த வரி காலி. மற்ற இரண்டும் யாரோ ஒருவருக்குப் போயிருக்கும், சில சமயம் அவன் மாடு மேய்த்த பண்ணைக்காரருக்கு. காலியாக விட்ட அந்த வரியைத் தாண்டி என்னால் அடுத்த பக்கம் போக முடிவதில்லை.

கப்பல்பட்டியல்
பழங்காகிதம், 'பொய்' என்ற சொல் வேண்டாம். பன்னிரண்டு வயதில் கப்பல் ஏறிய பிள்ளைக்குத் தன் பிறப்பைப் பற்றி யார் காகிதம் கொடுத்தார்கள்? பட்டாளத்தில் பிறப்புச் சான்றிதழ் கேட்கவில்லை, சொன்னதை எழுதிக்கொண்டார்கள். அவர் ஐரிஷ்காரராக இருக்க ஆசைப்பட்டிருக்கலாம், அப்படியே நம்பியும் இருக்கலாம்.

எனக்கு நிற்பது 1918 செப்டம்பர் 1, பிரான்சில் விஸ்-ஆன்-ஆர்த்வா. எதிரியின் குண்டுமழை. நன்னி கம்பெனித் தலைமையிடத்தில் இருக்கிறார். யாரும் போகச் சொல்லவில்லை. குண்டுமழைக்குள்ளேயே நடந்து முன்காவல் குழிகளுக்குப் போய், ஒவ்வொரு குழியாக ஆட்களுக்குத் தைரியம் சொல்கிறார். மறுநாள் படுகாயம். 18-ம் தேதி இறந்தார். விக்டோரியா சிலுவை இதற்குத்தான், அரசிதழில் செய்தி வந்தது டிசம்பரில்.

மேலோடை
ஹோம் பாய்கள் பட்டாளத்தில் சேர்ந்ததே பிரிட்டனுக்கு, சொந்த ஊருக்கு ஓசி டிக்கெட் கிடைக்கும் என்றுதானே? அம்மாவைப் பார்க்கலாம், தம்பி தங்கையைத் தேடலாம்.

கப்பல்பட்டியல்
சிலருக்கு அப்படி. 10,000 பேர் வரை சேர்ந்திருக்கிறார்கள் என்பார்கள். அத்தனை பேருக்கும் ஒரே காரணம் இருக்குமா? சம்பளத்தைப் பாருங்கள்: நாளுக்கு 1 டாலர், களப்படி 10 சென்ட். ஒப்பந்தத்தில் பண்ணையில் இருந்த பையனுக்குக் கூலி பெரும்பாலும் கைக்கு வராது. பட்டாளத்தில் அவன் பெயரிலேயே வந்தது. 'ஹோம் பாய்' என்று ஊர் ஏளனமாகக் கூப்பிட்டதும் அங்கே நின்றது. அதோடு, பெரும்பாலோர் அநாதைகளே அல்ல. பெற்றவரில் ஒருவராவது உயிரோடு இருந்தார்.

பழங்காகிதம்
சரி, 'பொய்' என்பதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நூலகவாசி
எனக்கு நிற்பது நெருங்கிய உறவினர் கட்டம். பெயரே இல்லாமல் ஹோமின் முகவரி மட்டும்.

புதிதாகத் தேடுகிறவர்களுக்கு, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். முதலில் சேர்க்கைப் படிவத்துக்குப் போகாதீர்கள். கனடா நூலக, ஆவணக் காப்பகத்தில் (லைப்ரரி அண்ட் ஆர்க்கைவ்ஸ் கனடா) ஹோம் சில்ட்ரன் பட்டியலில் கப்பல் பெயர், வந்த ஆண்டு, அன்றைய வயது எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அங்கேயே முதல் உலகப் போர் சிப்பாய் கோப்புகள். 6 லட்சத்துக்கும் மேல், முழுதும் இணையத்தில் இருக்கிறது. பெயரை நாலைந்து எழுத்துக்கூட்டலில் தேடுங்கள், முதல் பெயரையும் நடுப்பெயரையும் மாற்றிப் போட்டும் பாருங்கள். பிறந்த ஆண்டை வைத்து வடிகட்டாதீர்கள். வயது குறைந்த பையன் கூட்டிச் சொல்லியிருப்பான். உண்மையான தேதி தெரியாதவன் குத்துமதிப்பாகச் சொல்லியிருப்பான். கப்பல் பட்டியல் வயதை அடிப்படையாக வைத்து, இரண்டு மூன்று வருஷ வித்தியாசம் வரை ஏற்றுக்கொள்ளுங்கள்.

கோப்பு கிடைத்ததும் சம்பளத் தாளைப் பாருங்கள். மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு யாருக்கு அனுப்பச் சொன்னான் என்பது அதில் இருக்கும். அம்மாவையோ அக்காவையோ கண்டுபிடித்துவிட்டானா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. உறவினர் கட்டத்தில் பழைய பெயரை அடித்துப் புதுப் பெயர் எழுதியிருந்தால், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். உயில் இருந்தால் மூன்றாவது பெயரும் வரலாம்.

சுருக்கெழுத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். 'எஸ்.ஓ.எஸ்.' என்றால் ஆபத்து அழைப்பு அல்ல. அந்தப் பிரிவின் கணக்கிலிருந்து நீக்கப்பட்டார் என்று பொருள். 'டி.ஓ.எஸ்.' சேர்க்கப்பட்டார். எஸ்.ஓ.எஸ். பார்த்ததும் செத்துவிட்டார் என்று குடும்ப மரத்தில் எழுதிவிடுகிறார்கள். அடுத்த வரியிலேயே வேறு பட்டாளத்தில் டி.ஓ.எஸ். இருக்கும்.

தெற்குவாசல்
மருத்துவத் தாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தழும்பு, மச்சம் எல்லாம் எழுதியிருப்பார்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் வந்தால் பிரிக்க அது உதவும்.