பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவிய பின் வைஃபை தெரியவில்லை: டிரைவரை எப்படி அமைப்பது?

திருவட்டாறு படிப்பகம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். திருவட்டாறு அருகே உள்ள எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு, வளைகுடாவில் வேலை பார்க்கும் ஊர்க்காரர் ஒருவர், தாம் பயன்படுத்தி வந்த மடிக்கணினியைக் கொடுத்துவிட்டுச் சென்றிருக்கிறார். கோர் 2 டுயோ செயலியும் 4 ஜிபி ரேமும் கொண்டது. அதிலிருந்த விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டதால், அதை நீக்கிவிட்டு லினக்ஸ் மின்ட் 22 நிறுவினோம். திரை, ஒலி, விசைப்பலகை எல்லாம் சரியாக இயங்குகின்றன. ஆனால் நெட்வொர்க் குறியைச் சொடுக்கினால் வைஃபை என்ற வரியே வருவதில்லை.

மாலையில் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகள் பழைய வினாத்தாள்களைப் பதிவிறக்குவதற்கு இந்தக் கணினியைத்தான் நம்பியிருக்கிறார்கள். ரூட்டர் பக்கத்து வீட்டில் இருப்பதால் கேபிள் இழுக்க வழியில்லை. கடையில் காட்டியபோது வைஃபை அட்டை போய்விட்டது என்றார்கள். ஆனால் விண்டோஸை நீக்கும் நாள் வரை அது வேலை செய்தது. எந்த டிரைவர் (அட்டையை இயக்கும் மென்பொருள்) வேண்டும் என்பதை எப்படிக் கண்டறிவது? இணையமே இல்லாத கணினியில் அதை எப்படி இறக்குவது?

தக்கலை லினக்ஸ் (பதில்):

விண்டோஸில் அண்மை வரை வேலை செய்தது என்றால், அட்டை கெட்டுவிட்டது என்ற முடிவுக்கு இப்போதே வரவேண்டியதில்லை. மடிக்கணினியின் மாடல் பெயரை வைத்து டிரைவர் தேடாதீர்கள். ஒரே மாடலில் வெவ்வேறு நிறுவனங்களின் வைஃபை அட்டைகளைப் பொருத்தி விற்பது வழக்கம் என்பதால், அந்தத் தேடல் பெரும்பாலும் தவறான கோப்பில்தான் கொண்டுபோய் நிறுத்தும். அட்டையின் அடையாள எண்தான் நமக்கு வேண்டும். டெர்மினலைத் திறந்து எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சிறிய வடிவில் சேர்த்து எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடும் இரண்டு 'என்' எழுத்துகளும் இட்டு என்டர் அழுத்துங்கள். வரும் பட்டியலில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரியின் இறுதியில் சதுர அடைப்புக்குள் ஓர் எண் இருக்கும்.

அது 14இ4 என்று தொடங்கினால் பிராட்காம் சில்லு என்று பொருள். அந்தக் காலத்து மடிக்கணினிகளில் மிகுதியாகக் காணப்படுவது பிசிஎம்4312. அதன் எண் 14இ4:4315. இதில் கவனம் தேவை: 14இ4:4312 என்ற எண் பிசிஎம்4311 சில்லைக் குறிக்கிறது. ஆகவே பெயரைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

4315க்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இருக்கும் பி43 டிரைவர். டிரைவர் உள்ளே இருந்தும் அட்டை இயங்காததற்குக் காரணம், அட்டைக்குள் ஏற்றவேண்டிய சிறு மென்பொருளான ஃபர்ம்வேரை லினக்ஸ் வட்டில் சேர்த்து வழங்க உரிமம் இல்லாததுதான். 'ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர்' என்ற தொகுப்பை நிறுவினால், அதுவே ஃபர்ம்வேரை இணையத்திலிருந்து இறக்கி உரிய இடத்தில் வைத்துவிடும். மற்றொன்று, பிராட்காமின் மூடிய (மூல நிரல் முழுதாக வெளியிடப்படாத) டிரைவரான டபிள்யூஎல். அந்நிறுவனம் 2015க்குப் பிறகு அதற்குப் புதிய பதிப்பு வெளியிடவில்லை. புதிய கர்னல்களுக்கு ஏற்ப அதை ஒட்டுப்போட்டு வருபவர்கள் லினக்ஸ் தொகுப்பாளர்கள்தாம். கர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அந்த டிரைவரைப் புதிய கர்னலுக்கு ஏற்ப மீண்டும் உருவாக்கவேண்டும் (கம்பைல்). அது தோற்றால் வைஃபை மறைந்துவிடும். படிப்பகத்தில் அன்றாடம் கவனிக்க ஆள் இருக்கமாட்டார் என்பதால் பி43தான் பொருத்தம் என்று உறுதியாகச் சொல்வேன். மின்ட்டிலுள்ள டிரைவர் மேனேஜர் டபிள்யூஎல்லையே பரிந்துரைக்கக்கூடும். இரண்டையும் சேர்த்து மட்டும் நிறுவாதீர்கள். டபிள்யூஎல் தொகுப்பு பி43யைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிடும், பிறகு இரண்டில் எது தவறு என்றே தெரியாது.

இணையத்துக்கு ஆண்ட்ராய்டு கைபேசி போதும். யுஎஸ்பி கேபிளில் இணைத்து, ஹாட்ஸ்பாட் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். லினக்ஸ் அதைக் கேபிள் இணைப்பாகவே ஏற்கும், தனி டிரைவர் வேண்டாம். கைபேசி வைஃபையில் இருந்தால், பெரும்பாலான கைபேசிகளில் அந்த இணையமே கணினிக்கும் போகும். டேட்டா செலவில்லை.

குளச்சல் வாசகர் (பதில்):

மேலே சொன்னதோடு இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். இவ்வளவு பழைய கணினியில் மதர்போர்டிலுள்ள சிறிய வட்ட பேட்டரி தீர்ந்திருக்கலாம். மழைக்காலத்தில் நம் பக்கம் மின்சாரம் போய், மடிக்கணினியின் பேட்டரியும் வலுவிழந்திருந்தால், அடுத்த முறை இயக்கும்போது தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தேதி தவறாக இருந்தால், மென்பொருள் தொகுப்புகளை இறக்கி நிறுவும் ஏபிடி எந்தத் தொகுப்பையும் இறக்க மறுக்கும். பலர் அதை டிரைவர் கோளாறு என்று எண்ணிக் கணினியையே மீண்டும் நிறுவுகிறார்கள். முதலில் தேதியைப் பாருங்கள்.

இரண்டாவது, பி43யை நான் முழுமனதோடு பரிந்துரைக்கமாட்டேன். சில மடிக்கணினிகளில் இந்தச் சில்லு டிஎம்ஏ (நினைவகத்தோடு நேரடியாகத் தரவு பரிமாறும் முறை) பிழை காட்டி, பிஐஓ என்ற மெதுவான முறைக்கு இறங்கிவிடுகிறது. கர்னல் பதிவில் அப்படி ஒரு வரி இருந்தால், பி43 தொகுப்பை நீக்கிவிட்டு டபிள்யூஎல்லுக்கு மாறுவதே நல்லது.

திருவட்டாறு படிப்பகம்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எண் 14இ4:4315 தான். தேதி 2009 என்று இருந்தது. குளச்சல் அண்ணாச்சி சொன்னபடி அதைத் திருத்திய பிறகே தொகுப்பு இறங்கியது. மறுதொடக்கம் செய்ததும் வைஃபை வரி வந்துவிட்டது, டிஎம்ஏ பிழை எதுவும் பதிவில் இல்லை. ஆனால் பட்டியலில் அக்கம்பக்கத்து வீடுகளின் பெயர்கள் தெரிகின்றன. எங்கள் ரூட்டரின் பெயர் மட்டும் இல்லை. கைபேசியில் அது தெரிகிறது. பெயரின் இறுதியில் 5ஜி என்று இருக்கிறது.

தக்கலை லினக்ஸ்:

அந்த 5ஜி, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறிப்பது. உங்கள் அட்டை 802.11 பி, ஜி என்ற பழைய வைஃபை வகையைச் சேர்ந்தது, 2.4 கிகாஹெர்ட்ஸ் தவிர வேறெதுவும் அதற்குக் கேட்காது. ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸை யாரோ அணைத்து வைத்திருக்கவேண்டும். பக்கத்து வீட்டாரின் அனுமதியோடு அதை இயக்கி, சேனலைத் தானியங்கியாக விடாமல் 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றில் வையுங்கள். இந்தியாவில் 13 வரை அனுமதி உண்டு என்றாலும், கணினியின் நாட்டு அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் 12, 13 தெரியாது. பாதுகாப்பை டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று வையுங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால் பெயர் தெரிந்தாலும் இணையாமல் போகலாம். ரூட்டரின் வைஃபை முறையை 'பி, ஜி, என் கலப்பு' என்று மாற்றவும் மறவாதீர்கள். வெட்டுக்கல் சுவர்களைத் தாண்டி வருவதற்கும் 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4தான் ஏற்றது. வேகம் 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாது. நடைமுறையில் அதில் பாதிகூடக் கிடைக்காது. வினாத்தாள் இறக்க அது தாராளம். பிள்ளைகள் காணொளி வகுப்புகளும் பார்க்கவேண்டுமென்றால், ஏஆர்9271 சில்லு கொண்ட யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றை வாங்கிச் செருகுங்கள். அதற்கான டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது, அதன் ஃபர்ம்வேரும் திறந்த மூலம் என்பதால் மின்ட்டுடன் சேர்ந்தே வருகிறது.