குறிகைச் சுருக்கமா, மூளைச் சுருக்கமா? (அவசரம்)

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,
மூளையில் பொருத்தும் கம்பியில்லாச் சில்லு பற்றி ஒரு கையேடு மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'கம்ப்ரெஷன்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். நியூராலிங்க் நிறுவனம் 2024 ஜனவரியில் முதல் மனிதருக்குப் பொருத்திய சில்லில் 1024 மின்முனைகள். ஒவ்வொன்றையும் நொடிக்கு 20,000 தடவை, 10 பிட்டில் அளந்தால் நொடிக்கு 20 கோடி பிட் சேரும். அத்தனையும் வானலையில் அனுப்பினால் பேட்டரி தாங்காது; சில்லு சூடாகித் திசுவையும் சுடும். அதனால் உள்ளேயே சுருக்கி அனுப்ப வேண்டும். 'மூளைச் சமிக்ஞைச் சுருக்கம்' என்று எழுதி அத்தையிடம் காட்டினேன். "ஐயோ, மூளை சுருங்கிடுமா?" என்றார். வேறு நல்ல சொல் உண்டா?

---

'அமுக்கம்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். எங்கள் யாழ்ப்பாணத்தில் குருதி அமுக்கம் என்றால் ரத்த அழுத்தம். அத்தை ஆஸ்பத்திரிக்கே போய்விடுவார்.

---

முதலில் 'சமிக்ஞை'யை நீக்குங்கள், சிக்னலுக்குக் 'குறிகை' இருக்கிறது. அப்புறம், விடை நம் இலக்கணத்திலேயே கிடக்கிறது. 'ஊறுகாய்' வினைத்தொகை. ஊறிய, ஊறுகின்ற, ஊறும் என மூன்று காலமும் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. விரித்தால் ஒன்றும் தொலையாமல் வந்துவிடும். செய்யுள் விகாரங்களிலும் விரித்தலும் தொகுத்தலும் சோடியாக நிற்கின்றனவே! 'குறிகைத் தொகை' என்க.

---

ஐயா, தொகை என்றால் பில் தொகை என்றுதான் படிப்பார்கள். தவிர, இவ்வகைச் சில்லுகள் பலவும் எல்லாவற்றையும் காப்பதில்லை. நரம்பணு கிளர்ந்தால் ஏறத்தாழ 1 மில்லிநொடி நீளும் ஒரு துடிப்பு எழும். அது எப்போது எழுந்தது என்பதை மட்டும் அனுப்பிவிட்டு, மிச்சத்தை உதறிவிடுவதும் உண்டு. ஊறுகாயைவிட வற்றல்தான் இதற்குச் சரி. ஊறவைத்தாலும் பழைய கத்தரிக்காய் திரும்பாது.

---

வற்றல்! அருமை. வற்று, வறள், வறட்சி, வறுமை எல்லாம் ஒரே வேர். 'குறிகை வற்றிப்பு' என்றால் இழப்புள்ளது, 'குறிகைத் தொகை' என்றால் இழப்பில்லாதது. இரண்டுக்கும் இரண்டு சொல் கிடைத்துவிட்டன.

---

ஐயா, வறுமை வரை வந்துவிட்டோம். இன்று வியாழன். அலுத்துப்போய்ப் பெரும்பாலானோர் 'குறிகைச் சுருக்கம்' போதும் என்கிறீர்கள், சரி. 'மூளை' அதன் பக்கத்தில் வராதபடி வாக்கியத்தை மாற்றிவிட்டேன்: 'சில்லு, தான் கேட்டதைச் சுருக்கி அனுப்பும்.' அத்தையிடம் மறுபடி காட்டினேன். "தந்தி மாதிரியா?" என்றார்.

---

தந்தி வடசொல். 'தொகை'யிலிருந்து நான் பின்வாங்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.