வரும் அணியின் இரண்டாவது ஸ்பின்னர் யார்?

பட்டாபிராமன் கேட்:

வெளிநாட்டு அணி ஒன்று டெஸ்ட் தொடருக்கு இந்தியா வருகிறது என்றால், பட்டியல் வெளியான அன்றே நாம் பேட்ஸ்மேன்களை எண்ண ஆரம்பித்துவிடுகிறோம். யார் சுழலை நன்றாக ஆடுவார், யார் ஐபிஎல்லில் இங்கே ரன் அடித்திருக்கிறார் என்று கணக்குப் போடுகிறோம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பார்த்தேன். இப்போது என் கண் நேராக இரண்டாவது ஸ்பின்னரின், அதாவது இரண்டாவது சுழற்பந்து வீச்சாளரின், பெயருக்குப் போய்விடுகிறது. முதல் ஸ்பின்னர் எல்லா அணியிலும் இருப்பார். அவர் ஓய்வெடுக்கும் நேரத்தில் எதிர்முனையில் யார் போடுகிறார் என்பதில்தான் தொடர் இருக்கிறது என்று நம்புகிறேன்.

2027 தொடக்கத்தில் ஆஸ்திரேலியா ஐந்து டெஸ்ட் ஆட இங்கே வர இருக்கிறது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் இப்போதே வாக்குவாதம். அதனால் நான் நேரில் பார்த்ததை எழுதுகிறேன், நீங்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

1999 ஜனவரி. பாகிஸ்தான் பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகு இந்தியாவில் டெஸ்ட் ஆட வந்திருந்தது. டெல்லியில் பிட்சைத் தோண்டிப் போட்டதால் முதல் டெஸ்ட் சென்னைக்கு வந்தது. வாலாஜா சாலை முழுக்க போலீஸ். வரிசையில் நின்ற எல்லோரும் வேகப்பந்து போடும் வாசிம், வக்கார் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். ஸ்பின்னர் சக்லைன் முஷ்டாக் பெயரைச் சொன்னவர்கள் குறைவு. நம்ம ஊர் சடகோபன் ரமேஷுக்கு அது முதல் டெஸ்ட், எங்கள் ஸ்டாண்டில் அதுவே பெரிய கொண்டாட்டமாக இருந்தது.

நமக்கு இலக்கு 271. ஐந்து விக்கெட் 82 ரன்னில் போய்விட்டது. அதற்கப்புறம் சச்சினும் மோங்கியாவும் சேர்த்த 136 ரன்னை நான் உட்கார்ந்து பார்க்கவே இல்லை. சச்சினுக்கு முதுகுவலி, ஒவ்வொரு ஷாட்டுக்கும் முகம் சுருங்கியது. 136 ரன் அடித்து அவர் ஆட்டமிழந்தபோது ஸ்கோர் 254, இன்னும் 17 ரன்தான் வேண்டும். கடைசி மூன்று விக்கெட் நான்கு ரன்னில் விழுந்தன. பன்னிரண்டு ரன்னில் தோற்றோம். சில நொடிகள் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒருவர் கை தட்டினார், அப்புறம் மைதானமே எழுந்து நின்றது. பாகிஸ்தான் வீரர்கள் சுற்றி வந்து எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். என் பக்கத்தில் இருந்த பெரியவர் அழுதுகொண்டே கை தட்டினார். அதைப் பார்த்ததிலிருந்து வருகிற அணியை எதிரியாக நினைக்க எனக்கு மனம் வந்ததே இல்லை.

அந்த டெஸ்டில் சக்லைனுக்கு 10 விக்கெட். அடுத்து டெல்லியிலும் 10. இரண்டே டெஸ்டில் 20 விக்கெட் எடுத்தும் தொடர் 1-1தான், ஏனென்றால் டெல்லியில் கும்ப்ளே ஒரே இன்னிங்ஸில் பத்தையும் எடுத்தார். எதிர்முனையில் சக்லைனுக்குக் கூட்டாளி இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது.

2001 மார்ச்சில் ஸ்டீவ் வாவின் ஆஸ்திரேலியா தொடர்ந்து 16 டெஸ்ட் ஜெயித்த அணியாக இருந்தது. உலகத்தின் மிகச் சிறந்த ஸ்பின்னர் வார்ன் அவர்களிடம்தான். தொடர் முழுக்க வார்னுக்குக் கிடைத்தது 10 விக்கெட், நம் ஸ்பின்னர் ஹர்பஜனுக்கு 32. சேப்பாக்கத்தில் ஹேடன் 203 அடித்தும், நாம் 155 ரன்னைத் துரத்தி எட்டு விக்கெட் இழந்து ஜெயித்தோம். மெக்ராத் பந்தில் ஹர்பஜன் வெற்றி ரன் அடித்ததை எல் பி சாலைப் பக்கம் இருந்து வந்த என் நண்பன் பார்க்கவில்லை. தாங்க முடியாமல் வெளியே போய் நின்றிருந்தான்.

ஆனால் என் நம்பிக்கையை உறுதியாக்கியது நேரில் பார்க்காத ஒரு தொடர். 2012 இங்கிலாந்து. அகமதாபாத்தில் ஸ்வானோடு முழுநேர ஸ்பின்னர் வேறு யாரையும் சேர்க்காமல் ஆடி ஒன்பது விக்கெட்டில் தோற்றார்கள். மும்பையில் பனேசரைச் சேர்த்தார்கள். பனேசர் 11, ஸ்வான் 8. விழுந்த இருபதில் பத்தொன்பது விக்கெட் அந்த இருவருக்கு. அதே அணி, அதே கேப்டன் குக், சில நாள் இடைவெளி. தொடரை 2-1 என்று ஜெயித்துவிட்டுப் போனார்கள். பீட்டர்சனின் 186-ஐ எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், நான் பனேசரை வைத்திருக்கிறேன்.

வேளச்சேரி பவுண்டரி:

சார், உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு அப்பாவின் குரல்தான் கேட்டது. 2013 பிப்ரவரியில் ஆஸ்திரேலியா சென்னை டெஸ்டுக்கு முன் குருநானக் கல்லூரி மைதானத்தில் பயிற்சி ஆட்டம் ஆடியது. எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பெரிய மைதானத்தில் தொலைவிலிருந்து பார்ப்பது வேறு, எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பது வேறு. வேகப்பந்து வீச்சாளர்களின் உயரத்தைப் பார்த்து நான் வாயடைத்து நின்றேன். அப்பா அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. "இவங்க எல்லாரும் நல்லா ஓடி வர்றாங்கம்மா. சேப்பாக்கத்துல மூணாவது நாள் ஓடி வர வேண்டிய அவசியமே இருக்காது" என்றார்.

டெஸ்ட் அன்று அணியைப் பார்த்தால், ஸ்பின்னர் என்று லயன் ஒருவர்தான். மற்றவர்கள் வேகம். கிளார்க் 130 அடித்து 380 எடுத்தார்கள், அதுவரை பரவாயில்லை என்றிருந்தது. பிறகு தோனி வந்தார். 224. நாங்கள் இருந்த பக்கம் நோக்கி அவர் தூக்கி அடித்த ஒவ்வொரு பந்துக்கும் கூட்டம் எழுந்தது, நானும் எழுந்தேன். நடுவில் லயனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. 47 ஓவர் போட்டார், 215 ரன், மூன்று விக்கெட். அவர் ஒரு மோசமான ஓவர் போட்டால், அவர் மூச்சுவிட எதிர்முனையில் தாங்க ஆளே இல்லை. இந்தப் பக்கம் அஷ்வின், ஜடேஜா, ஹர்பஜன். ஆஸ்திரேலியாவின் இருபது விக்கெட்டையும் ஸ்பின்னர்களே எடுத்தார்கள், அதில் பன்னிரண்டு அஷ்வினுக்கு. அடுத்த டெஸ்டில் லயனையே உட்கார வைத்தது எனக்கு இன்றைக்கும் நியாயமாகப் படவில்லை. மொஹாலியில் திரும்ப வந்தவர், டெல்லியில் ஒரே இன்னிங்ஸில் ஏழு விக்கெட் எடுத்தார். கோளாறு அவரிடம் இல்லை, அவரைத் தனியாக விட்டதில்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021-இல் இங்கிலாந்து இங்கே வருவதற்கு முன் இலங்கையில் ஆடிப் பழகிவிட்டு வந்தார்கள். அங்கே காலி நகரில் கேப்டன் ரூட் 228, 186 என்று அடித்திருந்தார். சென்னை முதல் டெஸ்டில் 218. அது ரசிகர்கள் இல்லாத டெஸ்ட், நாங்கள் டிவியில்தான் பார்த்தோம். லீச், பெஸ் என்ற இரண்டு ஸ்பின்னர்களும் சேர்ந்து போட்டார்கள், பெஸ் முதல் இன்னிங்ஸில் கோலி, ரஹானே, புஜாரா, பந்த் நால்வரையும் எடுத்தார். 227 ரன்னில் நாம் தோற்றோம். அடுத்த டெஸ்டில் பெஸ் இல்லை. மொயீன் அலி வந்து எட்டு விக்கெட் எடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அந்த டெஸ்டுக்குப் பாதி இருக்கைகளைத் திறந்தார்கள். முகக்கவசத்தோடு போய் அஷ்வின் சொந்த ஊரில் சதம் அடித்ததைப் பார்த்தேன், தொண்டை கட்டிவிட்டது. பிறகு அகமதாபாத்தில் லீச்சை மட்டும் வைத்துக்கொண்டு இறங்கினார்கள். அந்தப் பிட்சில் பகுதி நேரமாகப் போடும் ரூட்டே எட்டு ரன் கொடுத்து ஐந்து விக்கெட் எடுத்தார். "இன்னொரு ஆள் இருந்திருந்தா?" என்று அப்பா டிவியைப் பார்த்துக் கேட்டார். இரண்டே நாளில் ஆட்டம் முடிந்தது.

லீக் லெஃப்ட் ஆர்ம்:

பட்டாபிராமன் கேட் அண்ணா, நான் லீக்கில் இடதுகைச் சுழல் போடுகிறவன். சொல்வது பாதி சரி என்றுதான் எனக்குப் படுகிறது. எண்ணிக்கை இருந்தால் போதாது.

2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்து நாலாவது நாள் டெஸ்ட். மைதானத்தைச் சுற்றி மரங்கள் விழுந்து கிடந்தன. பிட்சின் ஈரத்தை எடுக்கக் கரி நெருப்பைத் தட்டுகளில் வைத்து மேலே காட்டினார்கள். இங்கிலாந்து அந்த டெஸ்டில் மொயீன், ரஷீத், டாசன் என்று மூன்று ஸ்பின்னர்களோடு ஆடியது. 477 அடித்தார்கள். நாம் 759. கருண் நாயர் 303 நாட் அவுட். மொயீன் 190 ரன் கொடுத்து ஒரு விக்கெட்! இன்னிங்ஸ் தோல்வி. மூன்று பேர் இருந்தும் ஒரு முனையைக் கட்டிவைக்க ஆளில்லை.

அது ஏன் என்று எனக்குப் புரிந்தது பின்னால் ஒரு வருடம், வந்திருந்த ஓர் அணிக்கு வலைப்பயிற்சியில் பந்து போடும் நெட் பவுலராகப் போனபோது. எந்த அணி என்று சொல்லவில்லை. இந்திய டெஸ்டுகளில் பயன்படும் எஸ்ஜி பந்தில் பழையது ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். வலதுகை பேட்ஸ்மேனுக்கு ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே ஷூவால் மண்ணைக் கீறிவிட்டு, அங்கேயே போடு என்று கை காட்டினார் பயிற்சியாளர். முதல் இருபது பந்து எனக்கே பெருமையாக இருந்தது. மண்ணில் பிடித்துத் திரும்பியது, இரண்டு முறை எட்ஜ். பேட்ஸ்மேன் ஒன்றும் பேசவில்லை. ஸ்வீப் ஆடினார், அப்புறம் பின்காலில் போய்த் தட்டினார், அப்புறம் மறுபடி ஸ்வீப். அவர் என்னை அடிக்கப் பார்க்கவில்லை, என் லெங்த்தை, அதாவது பந்து விழும் இடத்தை, நகர்த்தப் பார்த்தார். அரை மணி நேரத்தில் நகர்த்தியும் விட்டார். நாற்பதாவது பந்தில் நான் கொஞ்சம் ஷார்ட்டாகப் போட, அதற்காகவே காத்திருந்தவர் போல வெட்டினார். பந்தின் சீம், அதாவது தையல், உரசி ஆள்காட்டி விரல் தோல் கிழிந்திருந்தது. வெளிநாட்டில் கூக்கபரா என்ற வேறு வகைப் பந்தில் போட்டுப் பழகிய ஒருவர் இங்கே வந்து எழும்பிய சீம் உள்ள பந்தில் நாள் முழுக்கப் போடுவது என்றால் என்ன என்று அன்றைக்கு விரலே சொன்னது.

அதனால் நான் பார்ப்பது இதுதான் அண்ணா: இரண்டாவது ஸ்பின்னர் தன் பதினைந்தாவது ஓவரையும் முதல் ஓவர் போலப் போடுவாரா? 2024 செப்டம்பரில் பங்களாதேஷ் பாகிஸ்தானில் 2-0 ஜெயித்துவிட்டுச் சென்னைக்கு வந்தபோது ஷகிப், மிராஸ் என்று இரண்டு ஸ்பின்னர்கள், காகிதத்தில் எல்லாமே சரியாக இருந்தது. நாம் 144-க்கு ஆறு விக்கெட் இழந்தும் இருந்தோம். ஷகிப் அந்த இன்னிங்ஸில் போட்டது எட்டு ஓவர், விக்கெட் இல்லை. அஷ்வின் 113, ஜடேஜா 86. ஆட்டம் கைமாறிவிட்டது. 280 ரன்னில் ஜெயித்தோம்.

சின்னசாமி பக்கம்:

நான் பெங்களூரில் இருக்கிறேன். கொஞ்சம் மாறுபடுகிறேன். 2024 அக்டோபரில் நியூசிலாந்து இலங்கையில் இரண்டு டெஸ்டையும் தோற்று, வில்லியம்சனும் காயத்தில் இல்லாமல் வந்தது. என் அலுவலகத்தில் 3-0 நமக்கு என்று எல்லோரும் எழுதியே வைத்துவிட்டார்கள். முதல் நாள் மழை. இரண்டாம் நாள் மேகத்துக்குக் கீழே நாம் பேட் செய்து 46-இல் சுருண்டோம். வேகப்பந்து போடும் ஹென்றி ஐந்து, ஓரூர்க் நான்கு. ஸ்பின்னர் கையில் பந்தே போகவில்லை! நேரில் பார்த்த எனக்கு அது கனவு போல இருந்தது. சுற்றியிருந்தவர்கள் செல்போனில் ஸ்கோரைச் சரிபார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அவர்களுடைய ரச்சின் ரவீந்திரா 134 அடித்தார். தொடருக்கு முன்பே சென்னைக்கு வந்து செம்மண், கரிசல்மண் பிட்ச் இரண்டிலும் பயிற்சி எடுத்திருந்தார். எனக்கு அதுதான் முக்கியமாகத் தோன்றுகிறது. வருவதற்கு முன் எவ்வளவு உழைத்தார்கள் என்பது. ஆனால் சரி, உங்கள் பக்கத்தையும் ஒப்புக்கொள்கிறேன். பெங்களூரில் ஆடாத ஸ்பின்னர் சான்ட்னர் புனேயில் 13 விக்கெட் எடுத்தார். காயத்தால் அவர் மும்பையில் இல்லை, அங்கே இன்னொரு ஸ்பின்னர் அஜாஸ் படேல் 11. ஒருவர் போனால் இன்னொருவர் இருந்தார். 3-0 என்பதும் சரியாகவே வந்தது, அவர்களுக்கு.

பட்டாபிராமன் கேட்:

லீக் தம்பி, நீ சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். 2016-ஐ நான் வசதியாக மறந்திருந்தேன். இரண்டு பேர் இருப்பதல்ல, இரண்டு பேரும் ரன் கொடுக்காமல் இருப்பது. 2025 நவம்பரில் கொல்கத்தாவில் தென்னாப்பிரிக்கா செய்தது அதைத்தான். 124 ரன் இலக்கு, நாம் 93. ஸ்பின்னர் ஹார்மருக்கு ஆட்டத்தில் எட்டு விக்கெட், எதிர்முனையில் இன்னொரு ஸ்பின்னர் கேசவ் மகராஜ். நான்கு ஓவருக்கு ஒரு ரன் எடுக்கவே நம்மவர்கள் திணறியது போல எனக்குத் தோன்றிய நேரங்கள் உண்டு. ஹார்மர் 2015-லும் இங்கே வந்தவர். இங்கிலாந்தின் உள்ளூர் ஆட்டமான கவுண்டியில் போட்டுப் போட்டுத் தேறிய கையோடு பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்தார். கவுகாத்தியில் 408 ரன்னில் தோற்றபோது எனக்குக் கோபம் வரவில்லை, அந்த மனிதரின் பத்து வருடம்தான் நினைவுக்கு வந்தது.

இனி ஆஸ்திரேலியா. 2025 தொடக்கத்தில் காலியில் இலங்கையை 2-0 ஜெயித்தார்கள். அங்கே அவர்களுடைய இடதுகை ஸ்பின்னர் குஹ்னமன் 16 விக்கெட், லயன் 14. 2023 இந்தூரிலும் முதல் இன்னிங்ஸில் குஹ்னமன் 16 ரன்னுக்கு ஐந்து எடுத்து நம்மை 109-இல் முடித்தவர். லயனுக்கு அந்தத் தொடர் வரும்போது 39 வயது ஆகியிருக்கும். ஐந்து டெஸ்டில் ஒவ்வொன்றிலும் முப்பது நாற்பது ஓவர் அவர் ஒருவரே போட முடியாது. அதனால் என் கணக்கில் இந்தத் தொடர் குஹ்னமனின் தொடர். அவர் கை நின்றால் ஆஸ்திரேலியா இரண்டு டெஸ்டாவது ஜெயிக்கும், தொடர் கடைசி டெஸ்ட் வரை போகும். நிற்காவிட்டால் மூன்றாவது டெஸ்டிலேயே முடிந்துவிடும்.

சேப்பாக்கத்துக்கு ஒரு டெஸ்ட் கிடைத்து, உன்னை மறுபடி நெட்ஸுக்குக் கூப்பிட்டால், தம்பி, பேட்ஸ்மேன்களை விட்டுவிடு. பக்கத்து நெட்டில் குஹ்னமன் போடுவதைப் பார். அரை மணி நேரம் கழித்து அவர் பந்து எங்கே விழுகிறது என்று எனக்கு வந்து சொல்.